மேட்டுத் தெருவில் என் முரசின் சத்தம்

வீடியோவில் என் கை முந்தி ஓடுகிறது என்று முதலில் சொன்னவன் வில்மர். சொன்னபோது அவன் என்னைப் பார்க்கவில்லை, டிவியையும் பார்க்கவில்லை. எங்கள் பேண்டுத் தலைவர் மாஸ்த்ரோ ஃபவுஸ்தோவின் முகத்தைத்தான் பார்த்தான்.

புனித சந்தியாகோ விழா முடிந்த மறு ஞாயிறு எங்கள் பேண்டுக்காரர்கள் எல்லோரும் மாஸ்த்ரோ வீட்டு முற்றத்தில் கூடுவோம். ஆளுக்கொரு தட்டில் ஃப்ரிகாசே என்ற பன்றிக்கறிக் குழம்பு, நடுவில் பீர்ப் பெட்டி, சுவரோரம் டிவி. விழா வீடியோவைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வருடம் யார் எதை வாசிப்பது என்று மாஸ்த்ரோ சொல்வார். முற்றத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டச் சொன்னால் எல்லோரும் நன்றாகத்தான் வாசிப்போம். நாள் முழுக்க ஊரைச் சுற்றி நடந்து, நடுநடுவே குடித்து, கடைசியில் கோயில் மேட்டில் ஏறும்போது எவன் கை எப்படி இருந்தது என்பதற்கு வீடியோவை விட்டால் வேறு சாட்சி கிடையாது.

முதல் பொம்போ என்னுடையது. இடுப்பு வரைக்கும் தொங்கும் பெரிய முரசு. வாரம் முழுக்கச் செங்கல் ஏறுகிற தோள் என்னுடையது. எல் ஆல்தோ நகரத்தில் எந்தக் கட்டட வேலையிலும் என்னை "ஏய், செங்கல்" என்றுதான் கூப்பிடுவார்கள். பொம்போவை மாட்டிக்கொண்டு முன்வரிசையில் நடக்கிற விழா நாட்களில்தான் ஊர் என்னை இலாரியோன் என்று கூப்பிடும், மரியாதைக்கு முன்னால் ஒரு 'தோன்' போட்டு. பொம்போ போனால் அந்தப் பெயரும் கூடவே போய்விடும்.

வில்மர் இரண்டாம் பொம்போ. பின்வரிசை. வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். என்னில் பாதி வயது, என்னைப் போல இரண்டு மடங்கு கழுத்து.

"மாஸ்த்ரோ, இங்க கொஞ்சம் பாருங்க," என்றான். "இலாரியோன் மாமாவோட கோலைப் பாருங்க. தோல்ல பட்டாச்சு. 'டொம்' எங்க? இப்பதான் வருது. அது என்னோட அடி."

டிவியில் மேட்டுத் தெரு ஓடிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் நான், என் பக்கத்தில் கைத்தாளம் போடும் கிரிஸ்பின். என் கோல் தோலைத் தொட்டது, சத்தம் இல்லை. கோல் திரும்பிப் போன பிறகு, யாரோ அடித்ததுபோல 'டொம்' என்று கேட்டது. அடுத்த அடியும் அப்படித்தான். மருந்துக் கடை வாசலில் கையும் சத்தமும் ஒன்று சேர்ந்தன. அதற்கடுத்த வீட்டு வாசலில் மறுபடி பிரிந்துவிட்டன.

"மேட்டுல மூச்சு வாங்குது, அவசரப்படுறாரு. கையில பலமும் இல்ல, அதான் சத்தமே கேக்கல. நான் பின்னாடி இருந்து தாங்கிக்கிட்டு வந்தேன்னு வைங்களேன்," என்றான் வில்மர்.

"ஓய் கிரிஸ்பின், நீ பக்கத்துலதானே நடந்தே. இலாரியோ ஓடினானா?" என்று கேட்டார் மாஸ்த்ரோ.

கிரிஸ்பின் எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தான். "நான் என்னத்தைக் கண்டேன் மாஸ்த்ரோ? அவரு கையைப் பாத்துதான் நான் தட்டுறேன். அவரு பள்ளத்துல விழுந்தா நானும் விழுவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். டிவியில் கிரிஸ்பினின் தாளமும்தான் சத்தம் வருவதற்கு முன்பே மூடிக்கொண்டிருந்தது. அதை அவன் பார்த்திருப்பான். எலும்பு அவன் வாய்க்கு வசதியாக இருந்தது.

மாஸ்த்ரோ டிவியை நிறுத்தினார். "உபயதாரர் அடுத்த ஞாயிறு சாப்பிட வர்றாரு. அன்னைக்குச் சொல்றேன்," என்றார். எப்போதும் அன்றைக்கே சொல்லிவிடுகிறவர் அவர்.

நான் என்ன சொல்வது? மேட்டில் ஏறும்போது தோள் மரத்துப்போனது உண்மை. என் கை என்ன செய்தது என்று எனக்கே சத்தியமாகத் தெரியாது. வீட்டுக்கு நடக்கும் வழியில்தான் நான் வாங்கி வைத்திருந்த விழா டிஸ்க்கின் உறையை எடுத்துப் பார்த்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்குக் கொஞ்சம் நேரமாகும். கீழே சின்ன எழுத்தில் இருந்தது: 'படப்பிடிப்பு, எடிட்டிங்: நெல்வா. சிறப்பு நன்றி: வில்மர் சிர்ப்பா.'

அங்கேயே நின்றுவிட்டேன். நெல்வாவின் மகனுக்கு வில்மர் ஞானத்தந்தை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. யோசித்துப் பார்த்தேன். பகலில் எடுத்த பகுதியில் வில்மர் வருகிறான். அதில் கையும் சத்தமும் ஒட்டி வைத்ததுபோல இருக்கின்றன. நான் படத்தில் விழுவது மேட்டுத் தெருவில் மட்டும். அங்கே மட்டும்தான் பிசகு. படத்தை வெட்டி ஒட்டுகிறவள் சத்தத்தை நகர்த்தி வைக்க மாட்டாளா?

மறுநாள் வேலை முடிந்து சிமெண்ட் தூசியோடு அவள் கடைக்குப் போனேன். கைபேசி உறை விற்கும் கடைகளுக்கு நடுவே ஒரு சந்து மாதிரி இடம். கம்ப்யூட்டர், இரண்டு ஸ்பீக்கர், சுவர் முழுக்க டிஸ்க் உறைகள். என்னைப் பார்த்ததும் அவள் கம்ப்யூட்டரில் செருகியிருந்த பென் டிரைவைப் பிடுங்கிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டாள்.

"என்ன வேணும் தோன் இலாரியோன்?"

"மேட்டுத் தெரு வீடியோவைப் பாக்கணும்."

"டிஸ்க் வாங்கினீங்கல்ல?"

"டிஸ்க்ல தப்பா இருக்கு."

"யாரு அனுப்பினாங்க உங்களை? சந்தையில காப்பி போட்டு விக்கிறானே அந்தக் குண்டனா? ஒரிஜினலைக் கொண்டு வந்தா பீர் வாங்கித் தர்றேன்னானா?"

"ஏம்மா, உன் காப்பியை நான் என்ன செய்யப்போறேன்? என் சத்தத்தை நகர்த்தி வச்சிருக்கியே, யாருக்காக?"

அவள் சிரித்தாள். "சத்தத்தை நகர்த்தினேனா? உங்க ஒருத்தர் சத்தத்தை மட்டும் தனியா எடுத்து நகர்த்துறதுக்கு நான் என்ன சூனியக்காரியா? ட்ரம்பெட்டு, தாளம், நாய் குலைக்கிறது, எல்லாம் ஒரே சத்தம்தான். போங்க, உங்க டிவி பழசு. சில டிவில படமும் சத்தமும் ஒண்ணா வராது."

"டிவி மாஸ்த்ரோவோடது. போன மாசம் வாங்கினது."

"அப்ப டிஸ்க் போடுற பெட்டி சரியில்ல."

"பகல்ல எடுத்தது மட்டும் அதே பெட்டியில சரியா ஓடுது. வில்மர் வர்ற இடம்."

வில்மர் பெயரைச் சொன்னதும் அவள் முகம் இறுகியது. "ஓ, அப்படிப் போகுதா? அவன் எனக்குக் கேமரா தூக்க ஆள் அனுப்பினான், அதான் நன்றின்னு போட்டேன். உக்காருங்க. எதையும் தொடாதீங்க."

அவள் தன்னுடைய டிவியில் பென் டிரைவைப் போட்டு ஓட்டினாள். அதே பிசகு. வேறொரு டிஸ்க்கைப் போட்டாள். அதே பிசகு. "சரி, டிவி இல்ல," என்று முனகிவிட்டுக் கம்ப்யூட்டரில் எடிட்டிங்கைத் திறந்தாள். அதில் படம் விக்கி விக்கி ஓடியது.

"இப்படியா பாத்து முடிச்ச?" என்று கேட்டேன்.

"பழைய மெஷின். தரத்தைக் குறைச்சு வச்சுத்தான் ஓட்ட முடியும். விக்கத்தான் செய்யும். எக்ஸ்போர்ட் பண்ணி முழுப் படமா வெளிய எடுத்த பிறகு சரியா வரும்னு விட்டுடுவேன்."

"வந்துச்சான்னு பாத்தியா?"

"ஆரம்பத்தைப் பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு." அவள் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

நான் நம்பவில்லை. நம்பாததால்தான் எழுந்து போகவில்லை. "இது கேமராவுல எடுத்ததா?" என்று கேட்டேன்.

மேட்டுக்கு வந்தபோது கேமரா பேட்டரி தீர்ந்துவிட்டதாம். அதிலிருந்து அவள் தம்பியின் கைபேசியில் எடுத்திருக்கிறாள். கைபேசியின் மைக்கில் ட்ரம்பெட் சத்தம் தகரம் கிழிவதுபோல விழும் என்பதால் சத்தத்தைத் தனியாக ரெக்கார்டரில் பிடித்து, ஆரம்பத்தில் ஒரு கைதட்டலை வைத்துப் படத்தோடு பொருத்தியிருக்கிறாள்.

"அந்தக் கைபேசி எங்க? அதுலயே ஓட்டு, நான் பாக்கறேன்," என்றேன்.

"தம்பிகிட்ட இருக்கு. நாளைக்கு வாங்க."

இரவோடு இரவாக அழித்துவிடுவாள் என்று நினைத்தேன். நாளைக்கு வர மாட்டார் என்று அவள் நினைத்திருப்பாள்.

மறுநாள் போனபோது கைபேசி மேசைமேல் இருந்தது. ஓட்டினாள். சத்தம் கிழிந்துதான் கேட்டது. ஆனால் கோல் தோலில் பட்ட அதே நொடியில் 'டொம்'. மேடு முழுக்க, மருந்துக் கடைக்கு முன்னாலும் பின்னாலும், என் கையும் சத்தமும் ஒன்றாகவே ஏறின. எனக்குக் கண் கலங்கிவிட்டது; சிமெண்ட் தூசி என்று துடைத்துக்கொண்டேன்.

"பாத்தியா?" என்றேன்.

நெல்வா என்னைக் கவனிக்கவில்லை. "இதுல சரி, அதுல தப்பு. அப்ப நடுவுலதான் எங்கேயோ," என்று தனக்குத்தானே பேசிக்கொண்டாள். எக்ஸ்போர்ட் பெட்டியைத் திறந்தாள். வரிவரியாக எழுத்துகளும் எண்களும். நொடிக்கு எத்தனை படம் என்ற இடத்தில் முப்பது என்றிருந்ததை இருபத்தைந்தாக மாற்றி, மேட்டுத் தெருவை மட்டும் திரும்ப எக்ஸ்போர்ட் போட்டாள். பச்சைக் கோடு மெதுவாக நகர்ந்தது. அதற்குள் அவள் சூடான அப்பி என்ற சோளக் கஞ்சி வாங்கி வந்தாள். எனக்கும் ஒரு குவளை. கடையைவிட்டு வெளியே போகும்போது பென் டிரைவைக் கையோடு எடுத்துப் போயிருந்தாள்.

பிசகு அப்படியே இருந்தது. வேறு வகைக் கோப்பாகப் போட்டுப் பார்த்தாள். அதுவும் அப்படியே.

"நீ நல்லா நேரத்தைப் போக்குற," என்றேன்.

"நீங்க நல்லா வாயைப் போக்குறீங்க."

பிறகு கைபேசிக் கோப்பின் விவரத்தைத் திறந்தாள். அதில் இருந்த எண்களைப் படித்தாள். மெதுவாக நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"தோன் இலாரியோன், கேமரா ஒரு நொடிக்கு முப்பது படம்னா முப்பதுதான் எடுக்கும். செங்கல் அடுக்குற மாதிரி, வரிசை தப்பாது. இந்தக் கைபேசி அப்படியில்ல. வெளிச்சம் குறைஞ்சா தானாவே கம்மியா எடுக்குது. மேட்டுல சாயங்கால நிழல். ஒரு நொடிக்கு இருபத்தெட்டு, இருபத்தொன்பது, அதுக்குத் தோணினது. என் எடிட்டிங் அதை முப்பதுன்னு நெனச்சு நெருக்கி அடுக்கிடுச்சு. அதனால படம் சீக்கிரம் சீக்கிரம் ஓடுது. சத்தம் தன்பாட்டுக்கு நடந்து வருது."

"இந்த வேலையில இருக்கிறவங்களுக்கு இதெல்லாம் தெரியாதா?"

"மத்தவங்க ரெண்டு நொடிக்கு ஒரு தடவை வெட்டுவாங்க. வெட்டுற இடத்துல எல்லாம் சரியாயிடும், வெளியே தெரியாது. நம்ம ஊருல நான் எங்க வெட்டுறது? யாரையாவது வெட்டினா மறுநாள் குடும்பத்தோட கடைக்கு வந்து நிக்கிறாங்க. எங்க அத்தை வந்தாளே, எங்கன்னு. அதான் மேட்டு அடியில இருந்து கோயில் வரைக்கும் ஒரே ஓட்டமா விட்டேன். போகப் போகப் பிசகு ஏறிக்கிட்டே போயிருக்கு. சரியா ஒரு முழு அடி தள்ளிப்போற எடத்துல, அந்த மருந்துக் கடை வாசல் மாதிரி, அடுத்த அடியோட சேர்ந்துட்ட மாதிரி தெரியும்."

சொன்னது புரிந்தது. ஆனாலும் ஒரு மூலையில் அரித்தது. வில்மர் முகம் வரும் இடம் கேமராவிலும் என் முகம் வரும் இடம் கைபேசியிலும் அமைந்தது தற்செயல்தானா? பேட்டரி தானாகத்தான் தீர்ந்ததா? கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்பிக் குவளையை என் மேல் ஊற்றியிருப்பாள்.

அவள் கைபேசிப் படத்தை முதலில் சீரான முப்பதாக மாற்றினாள். பிறகு எடிட்டிங்கில் பழையதை எடுத்துவிட்டு அதை வைத்தாள். எக்ஸ்போர்ட் முடிந்து ஓட்டியபோது கோயில் வாசல் வரை என் கை அதன் சத்தத்தோடு சேர்ந்தே போனது. புது டிஸ்க் ஒன்றில் பதிந்து கொடுத்தாள். "மத்தவங்களுக்குச் சத்தம் போடாம மாத்திக் கொடுத்துடறேன். நீங்களும் பெருசு பண்ணாதீங்க. பாதி ஊர் வாங்கியாச்சு," என்றாள்.

ஞாயிறு வந்தது. உபயதாரர் தோன் அன்செல்மோ முற்றத்தில் நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்த வருட விழாவை எடுத்து நடத்தியவர், லாரிகள் வைத்திருப்பவர், தொப்பியைச் சாப்பிடும்போதும் கழற்றாதவர். மாஸ்த்ரோ அவருக்குத் தானே பீர் ஊற்றினார்.

நான் புது டிஸ்க்கைப் போட்டேன். மேடு ஓடியது. எல்லாம் பொருந்தி வந்தது. மாஸ்த்ரோவின் புருவம் கொஞ்சம் இறங்கியது. அப்போது வில்மர் எழுந்தான்.

"நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு. மாமா சாயங்காலம் சாயங்காலம் நெல்வா கடையில உக்காந்திருந்தாரு, பாத்தவங்க இருக்காங்க. அவ முன்ன போட்டதுதான் நடந்தது. இது மாமா கேட்டு வாங்கினது."

"கைபேசியில ஏதோ படக் கணக்குத் தப்பாம்," என்றேன். நெல்வா சொன்னதைச் சொல்லப் பார்த்தேன். செங்கல் வரை வந்தேன், அதற்கப்புறம் என் நாக்கில் எல்லாம் குழம்பிவிட்டது. நான் பேசப் பேச நான் பொய் சொல்வதுபோல எனக்கே கேட்டது.

"அதெப்படி இலாரியோ?" என்றார் மாஸ்த்ரோ. "ஊர் முழுக்க ஒரு டிஸ்க் இருக்கு. உன்கிட்ட மட்டும் வேற ஒண்ணு இருக்கு. நான் எதை நம்புறது?"

"அவளுக்கு லஞ்சமா கோழி ஏதும் கொண்டு போனாரான்னு கேளுங்க," என்றான் வில்மர். சிலர் சிரித்தார்கள்.

"அப்ப பழசைப் போடுங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல பாருங்க, கோயில் வரைக்கும்," என்றேன். அதில் என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியாது. தோற்பதென்றால் முழுக்கப் பார்த்துவிட்டுத் தோற்கலாம் என்ற பிடிவாதம்தான்.

பழைய டிஸ்க்கைப் போட்டார்கள். மேட்டின் நடுவிலேயே வழக்கம்போல ஆட்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். விழா வீடியோவை யாரும் முடிவு வரை பார்ப்பதில்லை. அதற்குள் பீர் ஏறி எழுந்து ஆடத் தொடங்கிவிடுவோம். அன்றைக்கு மாஸ்த்ரோ யாரையும் எழ விடவில்லை. மேடு முடிந்து கோயில் வாசல் வந்தது. அதே ஒரே ஓட்டத்தில் பேண்டு நின்றது. உபயதாரர் மைக்கைப் பிடித்தார்.

டிவியில் தோன் அன்செல்மோவின் வாய் அசைந்தது. குரல் இல்லை. வாய் ஒரு வாக்கியம் பேசி மூடிக்கொண்ட பிறகு, "சகோதரர்களே" என்று குரல் வந்தது. அவர் கோப்பையை உயர்த்திக் குடித்துக்கொண்டிருக்கும்போது அவர் குரல் புனித சந்தியாகோவுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தது. தரையில் பீர் ஊற்றிப் பூமித்தாய்க்குப் படைத்தபோது, குரல் தம் லாரிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது.

கிரிஸ்பினுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"வாயும் ஓடுதே மாஸ்த்ரோ! உபயதாரருக்கும் மேட்டுல மூச்சு வாங்கிடுச்சு போல!"

தோன் அன்செல்மோ கண்ணாடிக் கோப்பையைக் கீழே வைத்தார். "நான் இப்படியா பேசினேன்?"

அவர் வில்மரைப் பார்த்தார். "ஏம்பா, முன்ன போட்டதுதான் நடந்ததுன்னியே. நடந்தது இதுவா? குடிச்சுக்கிட்டே தொண்டையால பேசினேனா?"

வில்மர் பீர்ப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"டிஸ்க் தப்பு," என்றார் மாஸ்த்ரோ உடனே. என் கைக்காக ஒரு வாரம் யோசித்தவருக்கு உபயதாரர் வாய்க்காக ஒரு மூச்சு போதுமாயிருந்தது. "முதல் பொம்போ இலாரியோகிட்டயே இருக்கட்டும்." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா அடுத்த வருஷம் வில்மரும் முன்வரிசையில நடக்கட்டும். உன் பக்கத்துல," என்றார்.

டிஸ்க் தப்பென்று சொன்ன வாயாலேயே என் கையைச் சந்தேகித்ததுபோல எனக்குக் கேட்டது.

அதே சாயங்காலம் தோன் அன்செல்மோ தம் ஆட்களோடு நெல்வா கடைக்குப் போய்க் கத்தியிருக்கிறார். மறுநாளிலிருந்து ஊரே டிஸ்க்கைத் திருப்பிக் கொண்டு வந்தது. நான் போனபோது மேசை முழுக்கத் திரும்பி வந்த டிஸ்க்குகள். நெல்வா நிமிர்ந்து பார்த்தாள்.

"பெருசு பண்ணாதீங்கன்னு சொன்னேனே."

"பண்ணலேன்னா என் பொம்போ போயிருக்கும்மா."

"அதுக்கு என் கடை போகலாமா?" அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க. முழு வீடியோவையும் திரும்பப் போட்டிருக்கேன். இன்னொரு தடவை எவன் வாயாவது ஓடினா என்னைக் கொளுத்திடுவாங்க. நான் பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப்போச்சு. தப்பு கண்டுபிடிக்கிறதுல நீங்கதான் கெட்டிக்காரராச்சே. ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் பாருங்க. ஒண்ணு விடாம."

பார்த்தேன். என் பகுதி எனக்கு மனப்பாடம். பகல் பகுதியில்தான் கண்ணை ஊன்றி வைத்தேன். அதில் வில்மர் பின்வரிசையில் நடந்து வருகிறான். நெல்வா தன் மகனின் ஞானத்தந்தைக்காக எதையாவது நகர்த்தி ஒட்டியிருந்தால் இங்கேதான் தெரியும். நிறுத்தினேன், பின்னால் ஓட்டினேன், திரும்பப் பார்த்தேன். அவன் கோல் தோலில் பட்டது, 'டொம்'. வெயிலில் வியர்வை வழிய, ட்ரம்பெட்டுகள் கொஞ்சம் இழுத்தபோதும் அவன் இழுபடவில்லை. ஒவ்வொரு அடியும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. என் தோள் மரத்துப்போகிற அந்தக் கடைசித் திருப்பத்தில் இவன் கை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தேன். அங்கே அவன் படத்தில் விழவில்லை. சத்தத்தில் மட்டும் இருக்கிறான், என் சத்தத்துக்குக் கீழே, விலகாமல்.

தப்பு தேடினேன். கிடைக்கவில்லை.

"என்ன, ரொம்ப நேரமா அங்கேயே நிக்கிறீங்க? ஏதாவது பிசகா?" என்றாள் நெல்வா.

"இல்ல. எல்லாம் சரியா இருக்கு," என்றேன்.

அவள் புது டிஸ்க்கைச் செருகிப் பொத்தானை அழுத்தினாள். பச்சைக் கோடு நகரத் தொடங்கியது.